சின்னுவின் திரை

குளிராக இருந்தால் சொல்லுங்கள் சார், அலமாரியில் என் சால்வை இருக்கிறது. ஏசியை மட்டும் குறைக்க முடியாது. அது மனிதர்களுக்காக ஓடவில்லை. இதோ இந்த இரும்பு அடுக்கில் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறதே சர்வர், அதற்காக ஓடுகிறது. கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறுகிற ஒரே ஆள் நான்தான் என்று மேல்மாடியில் கேலி பேசுவார்கள். அவர்களுக்கு என் பெயர்கூட வேண்டியதில்லை, சர்வர்க்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விற்பனைப் பிரிவில் ஒருவர் படியில் நின்று "சர்வர், ரெண்டு டீ!" என்று ஒருநாள் குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மாலை வரை அவருடைய திரை கொஞ்சம் மெதுவாகவே ஓடியது.

நீங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருப்பவர், இந்த ஏற்பாடெல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

மேலே ஒவ்வொரு மேஜையிலும் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. அதோடு ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ். கணினி என்று அவர்கள் சொல்வது அந்தப் பெட்டியைத்தான். உண்மையில் அதற்குள் ஒன்றுமே இல்லை. நினைவு இல்லை, கோப்பு இல்லை. இங்கிருந்து போகும் படத்தைக் காட்டும், அவர்கள் தட்டுவதை இங்கே கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். எல்லோருடைய கணினியும் இந்த அறையில் இருக்கிறது. சாயங்காலம் பெட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டு, கடை மூடியாயிற்று என்று கிளம்பிப் போவார்கள். கடை மூடியிருக்காது. பாதி எழுதிய வரி பாதியிலேயே நிற்க, இங்கே எல்லாம் திறந்தே கிடக்கும். மறுநாள் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் சரி, வீட்டிலிருந்து நுழைந்தாலும் சரி, அதே வரியிலிருந்து தொடரலாம். பெரிய வசதி.

யாராவது "அக்கா, தொங்கிப்போச்சு" என்று போன் செய்தால் அவர்கள் திரையை நான் இங்கே வரவழைத்துப் பார்ப்பேன். அவர்களுடைய அம்புக்குறியை என் கையால் நகர்த்துவேன். முன்பெல்லாம் அப்படிப் பார்ப்பதற்கு முன், 'உங்கள் திரையை ஒருவர் பார்க்க விரும்புகிறார், சம்மதமா?' என்று ஒரு கேள்வி வரும். அதைக் கண்டு கணக்குப் பிரிவு அம்மாள் ஒருவர், திருடன் புகுந்துவிட்டான் என்று காவல் நிலையத்துக்கே போன் செய்துவிட்டார். கேள்வியை எடுத்துவிடச் சொன்னது மேலாளர்தான். நான் எடுத்தேன். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இருந்ததில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி என் தங்கையைப் பற்றி. வீட்டில் அவள் சின்னு. எங்கள் அப்பா அவள் நடை பழகும்போதே போய்விட்டார். அம்மாவுக்கு மறதி வந்தபோது மற்றவர்களின் அம்மாக்கள் நரையை மறைத்துச் சாயம் பூசிக்கொள்ளும் வயது. முதலில் தேநீரில் இரண்டு தடவை சர்க்கரை போட்டாள். பிறகு பேருந்து நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்றுகொண்டே, என் மகள் இன்னும் வரவில்லையே என்று என்னிடமே அழுதாள். கடைசியில் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டே கண்ணை மூடினாள். குளிப்பாட்டியது, ஊட்டியது, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது எல்லாம் நான். சின்னு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த வருடங்களில் எனக்கும் ஒரு வரன் வந்தது, வந்த வழியே போனது. யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, குறை சொல்வதற்கும் ஆள் இல்லை.

இது சில குடும்பங்களில் இரத்தத்தோடு வருவதுண்டு, பெண் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். சின்னு கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஒரு சாவியை எங்காவது வைத்துவிட்டுத் தேடினால்கூட அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எல்லாரும்தான் சாவிய மறக்கறாங்க சின்னு" என்பேன். முகம் திரும்பி வரும். அந்தப் பயத்தை அவளிடமிருந்து விரட்டியது நான்தான் சார். அதனால் அது எந்த வாசல் வழியாக உள்ளே வரும் என்பதும் எனக்குத்தான் தெரியும்.

இந்த நிறுவனத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். மருந்து அனுப்பும் பிரிவு. எந்த மருத்துவமனைக்கு எந்த மருந்து, எத்தனை பெட்டி, எந்த வண்டி என்று பதிவு செய்யும் வேலை. எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். ஒரு பிழை கிடையாது. சின்னுவைக் கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பு என்று கிடங்கில் சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு இதே ஏசி ஒழுகியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டது நான். சின்னு என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். அவர் ஏணியில் நின்றபடி டார்ச்சைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா என்று கேட்டார். அவள் பிடித்தாள். ஒருமுறை வந்தாலே சரியாகிவிடும் ஒழுகலுக்கு அவர் மறுபடியும் மறுபடியும் வந்தார். வரும்போதெல்லாம் டார்ச் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

ஏசிக்காரரைப் பற்றித் தவறாக ஒரு சொல் சொல்லமாட்டேன். நல்ல மனிதர். கடல் தாண்டி ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெரிய வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு இருவரும் கிளம்புவதாகத் திட்டம். இருவரும் சேர்ந்து வந்து என்னிடம் சொன்னார்கள். சந்தோஷம் என்றேன். அன்று மாலை தலைவாரிக்கொண்டே சின்னு சொன்னாள்: "நீயும் வேலைய விட்டுட்டு அங்க வந்துடுக்கா. எங்ககூடவே இருந்துடு." அதுவரை வாயைத் திறந்தால் 'நம்ம வீடு, நம்ம வீடு' என்றே சொல்லிக்கொண்டிருந்தவள்.

எனக்குப் பயமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அம்மாவின் இரத்தம் எனக்குள்ளும்தான் ஓடுகிறது. இரண்டு அறை வீடு, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. எனக்கு மறக்க ஆரம்பித்தால், மறக்கிறாய் அக்கா என்று சொல்வதற்காவது ஒரு ஆள் வேண்டாமா?

திட்டமெல்லாம் போடவில்லை. ஒரு மதியம், மேலே எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சின்னுவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பும் பார்ப்பேன். அவள் எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒரு மருந்துக்கடைக்கான பதிவு பாதியில் நின்றது. நாற்பது பெட்டி என்று அடித்திருந்தாள். நான் அதைப் பதினான்கு ஆக்கினேன்.

அவள் வந்தாள், மீதியை அடித்தாள், அனுப்பினாள். எப்போதும் நாற்பது எடுக்கிற கடையாயிற்றே என்று கிடங்கிலிருந்து கேட்டார்கள். திருத்திவிட்டாள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் திரும்பும் வழியில் பேருந்தில் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நாப்பதுதான் அடிச்சேன்க்கா. கண்ணால பாத்தேன்."

"விடு சின்னு. யானைக்கும் அடி சறுக்கும்."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்படிச் சாய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதன் பிறகும் எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். அவளுக்கு மின்னஞ்சலில் வந்த கடிதங்களை அவள் பார்ப்பதற்கு முன் நான் திறந்துவிடுவேன். 'படித்தது' என்று அது நிறம் மாறி நிற்கும். மேலாளர் கேட்டால் பார்க்கவில்லையே என்பாள், பிறகு திரும்பத் திரும்பத் திரையைப் பார்ப்பாள். ஒரு கோப்பை வேறு இடத்தில் வைப்பேன், மறுநாள் பழைய இடத்திலேயே வைத்துவிடுவேன். உப்பு போடுவது போல அளவாகத்தான் செய்தேன். ஒருநாளும் அள்ளிப் போடவில்லை. பெரிய பிழையாக இருந்தால் யாராவது தோண்டிப் பார்ப்பார்கள். சின்னப் பிழையென்றால் செய்தவளே தன்னைத் தோண்டிக்கொள்வாள்.

கொஞ்ச நாளில் அவள் என்னிடம் சரிபார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். "காலையில அந்தக் கடிதத்தப் பத்தி உங்கிட்ட சொன்னேனாக்கா?" சில நாள் "சொன்னியே" என்பேன், சில நாள் "இல்லையே" என்பேன். அதற்குக் கணினிகூட வேண்டியிருக்கவில்லை.

மருத்துவரிடம் போகலாம் என்று சொன்னது அவள்தான், நான் இல்லை. கூடத்தான் போனேன். சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அம்மாவின் கதையைச் சின்னு சொன்னதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கவனமாகப் பார்த்துக்கொள்வோம், ஓய்வு எடுக்கட்டும் என்று சொல்லி மனப்பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை அவளை அரைத்தூக்கத்தில் வைத்திருந்தது. அந்தத் தூக்கத்தில் அவளே சில பிழைகள் செய்தாள். எது அவளுடையது, எது என்னுடையது என்று பிரித்துத் தரச் சொல்கிறீர்கள். அதை என்னால் செய்ய முடியாது சார். மறைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கே குழம்பிவிட்டது.

மேலாளர் இரக்கமுள்ளவர். வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்றார். பெட்டியை என் கைப்பையில் வைத்து நானே வீட்டுக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு மேஜையில் பொருத்தி, அவள் கால் தடுக்கிவிடாதபடி ஒயரைச் சுவரோரமாக இழுத்துக் கிளிப் அடித்தேன். வீட்டில் உட்கார்ந்து அவள் தட்டுவது இங்கே என் முன்னால் வந்து விழும். அலுவலகத்தில் இருந்ததைவிடப் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் ஏசிக்காரர் வீட்டுக்கு வந்தார். சின்னு உள்ளே படுத்திருந்தாள். அவரிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட கதையை அப்படியே சொன்னேன். செருப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தது, குளிக்க மறுத்து என் கையைக் கடித்தது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இந்த வீட்டில் என்னை யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அழுதது. அவர் டம்ளரைக் கையில் வைத்தபடி கடைசிவரை கேட்டார். இதோடு எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, கழட்டிப் பாத்துட்டு, பழுதா இருக்குன்னு அப்படியே போட்டுட்டுப் போற ஆள் நான் இல்ல" என்றார். "அந்த வேலை போனா போகுது. அவங்க எங்க இருக்காங்களோ அங்க நான் இருக்கேன். மாசக் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்."

அப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. அவர் போனதும் சின்னு சமையலறைக்கு வந்தாள். உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. "போகலாமாக்கா?" என்று கேட்டாள். சிறுமியாக இருந்தபோது விளையாடப் போக அனுமதி கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்.

"உன் இஷ்டம் சின்னு" என்றேன்.

அதனால்தான் பெரியதாக ஒன்று தேவைப்பட்டது.

அந்த நாள் உங்களுக்குத் தெரியும். மதியம் பார்த்தபோது அவள் திரை வழக்கம்போல ஆளில்லாமல் திறந்து கிடந்தது. பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தொலைவில் இருக்கும் அந்தச் சின்ன மருத்துவமனைக்கு, குறைமாதக் குழந்தைகளுக்கான ஊசி மருந்து அன்று கிளம்ப வேண்டும். அந்தப் பதிவைத் திறந்து 'ரத்து' என்பதை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். வண்டி அது இல்லாமல் போயிற்று. இரண்டு குழந்தைகளை வேறு மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது, இரண்டும் பிழைத்துவிட்டன என்று நேற்று சொன்னீர்கள். நல்லது. நான் விசாரிக்கவில்லை. எனக்கு அப்போது வேறு கவலை இருந்தது.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். என் வேலையில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வேறு யாராவது ஒருத்தி மேல் பழிபோட நினைத்தால், அவள் நாற்காலியில் இருக்கிறாளா என்றுதான் முதலில் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை வருடம் நான் நாற்காலிகளைப் பார்த்ததில்லை. எனக்கு ஒரு ஆள் என்றால் இங்கே திறந்து கிடக்கும் அவர் திரைதான்.

அன்று காலையிலேயே வீட்டில் பெட்டி புகைந்து செத்துவிட்டிருக்கிறது. சின்னு என்னிடம் சொல்லவில்லை. அலுவலகச் சாமான்களை வைத்திருக்கும் ஸ்டோர்க்காரரைப் போனில் கூப்பிட்டிருக்கிறாள். அவர் உங்களிடம் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "அக்காகிட்ட சொல்லாதீங்கண்ணா. நான்தான் ஏதோ பண்ணிட்டேன் போல இருக்கு. ஏற்கெனவே என்னால அவ சரியாத் தூங்கறதில்ல." அவர் அந்தப் பக்கம் போன வண்டியை அனுப்பிப் பெட்டியை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். நான் ரத்து செய்த நேரத்தில் பெட்டி மேலே அவருடைய அலமாரியில், ஒயர் சுற்றி, ரப்பர் போட்டு உட்கார்ந்திருந்தது. நான் கொடுத்த பயத்தாலேயே அவள் என்னிடம் மறைத்தாள், அந்த மறைப்பாலேயே நான் மாட்டிக்கொண்டேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

ஆனால் சார், இதைக் கேளுங்கள். அன்றே மேலாளர் அவளைப் போனில் கூப்பிட்டு, இந்த நேரத்தில் நீ இதை ரத்து செய்திருக்கிறாய் என்று சத்தம் போட்டார். வேறு யாராக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள்? என்னிடம் கணினியே இல்லையே என்றிருப்பார்கள். அவள் கையில் அந்தப் பதில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும், வெளியே வந்திருக்கலாம். அவள் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு, அந்த நேரத்தில் தான் எங்கே போனோம், எந்தக் கணினியில் போய் உட்கார்ந்தோம் என்று யோசிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

அன்று நான் வீடு திரும்பியபோது வாசலில் குந்தி உட்கார்ந்து செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நான் ஆபீஸ் பக்கம் வந்தேனாக்கா?"

ஏன் கேட்கிறாள் என்று நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பழகிய வாய், அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"ஞாபகம் இல்லையா சின்னு?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். செருப்பைத் துடைத்து ஓரமாக வைத்தாள். அன்றே ஏசிக்காரரிடம் பேசி முடித்துவிட்டாள். "எங்க அம்மாவ அக்கா எப்படிப் பாத்துக்கிட்டான்னு நான் கூடவே இருந்து பாத்திருக்கேன். அத உங்க தலையில கட்ட மாட்டேன். இனிமே கூப்பிடாதீங்க." அவர் நாலைந்து தடவை வந்தார். கதவைத் திறக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பிறகு அவர் கடல் தாண்டிப் போய்விட்டார். வேலையை விடுகிற கடிதத்தைத் தன்னால் பிழையில்லாமல் எழுத முடியாது என்றாள். அதை நான் இங்கே உட்கார்ந்து, அவள் திரையிலேயே அடித்துக் கொடுத்தேன்.

நான் குரூரமானவள் என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பிந்தைய வாரங்களை நீங்கள் பார்க்கவில்லை. அவளுக்கு நான் தலை பின்னினேன். அவளுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்தேன். மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தேன். அடுப்பைப் பற்றவைக்கப் பயம், வெளியே போகப் பயம், எனவே எல்லாவற்றுக்கும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஒரு குறை சொல்ல முடியாது.

மருத்துவமனையின் புகார் எழுத்தில் வந்ததும், மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்து விசாரித்தார். அப்போதுதான் ஸ்டோர்க்காரர் காதைச் சொறிந்துகொண்டு, "அந்தப் பெட்டி எங்கிட்டல்ல சார் இருந்துச்சு?" என்றாராம். அதன் பிறகு உங்களை அனுப்பினார்கள். நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். ஒளிப்பது என் பழக்கம் இல்லை.

நேற்று கிளம்பும்போது ஒன்று சொன்னீர்கள். காகிதம் மேலே போவதற்கு முன் நீயே உன் வாயால் தங்கையிடம் சொல்லிவிடு, வேறு யார் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள், நீ சொன்னால்தான் அவள் மீள்வாள் என்றீர்கள். ஏசிக்காரரோடு பேசிவிட்டதாகவும், அவள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து கூட்டிப்போகத் தயாராக இருக்கிறார் என்றும் சொன்னீர்கள். உண்மையைச் சொல்லிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்றீர்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

இன்று காலை அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு எதிரே உட்கார்ந்து சொன்னேன். நாற்பதைப் பதினான்காக்கியது, கடிதங்களைத் திறந்தது, 'சொன்னியே', 'இல்லையே' என்று மாற்றி மாற்றிச் சொன்னது, மருத்துவமனை, செருப்பு, ஒன்றையும் விடவில்லை. உனக்கு ஒன்றுமே இல்லை சின்னு, எல்லாம் நான் செய்தது என்றேன்.  அவள் கையில் இருந்த டம்ளர் ஆறிப்போயிற்று.

முடித்ததும் எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் என் நெற்றியில் கை வைத்தாள்.

"எப்ப இருந்துக்கா உனக்கு இப்படியெல்லாம் தோணுது?"

தோன்றவில்லை, செய்தேன் என்றேன்.

"சரி சரி. செஞ்ச. நீதான் செஞ்ச. அழாத."

நான் அழவில்லை. அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அம்மாவும் ஆரம்பத்தில் இப்படித்தான், செய்யாததையெல்லாம் செய்ததாகச் சொல்வாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கிணற்றில் தள்ளிவிட்டேன் என்று ஒருநாள் முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டாள். குழந்தை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. சரி சரி என்று இதே குரலில்தான் நாங்கள் இருவரும் சமாதானம் சொல்வோம்.

பெட்டியைச் சொன்னேன். அது ஸ்டோரில் இருந்ததே, அப்புறம் எப்படி நீ செய்திருக்க முடியும் என்று கேட்டேன்.

"அத எப்பக் குடுத்தேன்னு எனக்கே நெனப்பில்லையேக்கா" என்றாள். பிறகு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உன்னால எனக்கு அப்படி ஒரு காரியம் பண்ண முடியுமா? எனக்குத் தெரியாதா உன்ன?"

அதற்கு மேல் நான் வாதாடவில்லை சார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் வேறு ஆளாக இருந்தாள். இத்தனை மாதத்தில் அவளை அப்படிப் பார்க்கவில்லை. அடுப்பை அவளே அணைத்தாள். வீட்டுச் சாவியை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். உன் மாத்திரையெல்லாம் எங்கே என்று கேட்டாள். எனக்கு மாத்திரை ஏது? தன்னுடையதில் ஒன்றை உடைத்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். அப்போது போன் அடித்தது, ஏசிக்காரர்தான். முன்னறையில் நின்று பேசினாள், எனக்கு நன்றாகக் கேட்டது.

"உங்கமேல எனக்கு ஒரு கோபமும் இல்லீங்க. ஆனா அக்காவுக்கும் ஆரம்பிச்சிடுச்சு. என்னென்னவோ சொல்றா. எனக்காக அவ எல்லாத்தையும் விட்டா. இந்த நெலமையில அவள விட்டுட்டு நான் எப்படிங்க வருவேன்?"

நீங்கள் போய்ச் சொல்லிப் பார்க்கலாம். காகிதத்தைக் காட்டலாம். பாவம், அக்கா சொன்னதையெல்லாம் நம்பி எழுதிக்கொண்டீர்களா என்று உங்களுக்கும் ஒரு டம்ளர் தேநீர் கொடுப்பாள். இப்போது வாசலில் நிற்கிறாள். தனியாகப் போனால் வழி தவறிவிடுவேன் என்று என்னைப் பேருந்தில் கூட்டிவந்ததும் அவள்தான், திரும்பக் கூட்டிப்போகக் காத்திருப்பதும் அவள்தான். வெளியே வரவே பயந்துகொண்டிருந்தவள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். வேலை போகட்டும், வழக்கு வரட்டும், எல்லாவற்றுக்கும் அவள் கூட வருவாள். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னீர்களே சார், நேற்று எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. நீங்கள் சொன்னது சரிதான். சரியாகிவிட்டது.